பிரஷர் டேங்க்: எத்தனை லிட்டர் வாங்குவது, காற்றை எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் தருகிறது. பிரஷர் ஸ்விட்ச், அழுத்தம் 30 பிஎஸ்ஐ-க்கு இறங்கும்போது மோட்டாரை ஓடவிட்டு, 50 பிஎஸ்ஐ-க்கு ஏறியதும் நிறுத்துகிறது. அண்மைக் காலமாக ஒரு குழாயைத் திறந்தாலே மோட்டார் சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. இப்போதுள்ள 60 லிட்டர் டேங்க்கை எடுத்துவிட்டு 100 லிட்டர் டேங்க் வைத்தால் சரியாகிவிடுமா?

முதல் பதில்:
வாங்குவதற்கு முன் டேங்க்கில் அடைத்திருக்கும் காற்றைப் பாருங்கள். மோட்டார் ஓடாதபோது தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தக் காற்றுதான். காற்று சரியாக உள்ள 60 லிட்டர் டேங்க், 50-இலிருந்து 30 பிஎஸ்ஐ-க்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ 18 லிட்டர் தண்ணீரை வெளியே தரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் எடுக்கும் குழாய் திறந்திருந்தால் ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாக மோட்டார் ஓடாமலே தண்ணீர் வரும். சில நொடிகளில் ஓடுகிறது என்றால், அநேகமாக டேங்க்கில் காற்று குறைந்துவிட்டது, அல்லது உள்ளிருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது.

மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, குழாயைத் திறந்து, அழுத்தமானி பூஜ்ஜியத்துக்கு வரும்வரை தண்ணீரை வடியவிடுங்கள். அதன் பிறகே டேங்க்கின் காற்று வால்வில் டயர் அழுத்தமானியை வைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது பார்த்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் அது காட்டும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காற்று 28 பிஎஸ்ஐ, அதாவது மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 குறைவாக, இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பாலேயே அடித்துவிடலாம். வால்வின் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு காற்றடித்தாலும் பயனில்லை.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னது சரி, ஆனால் 60 லிட்டர் உங்கள் மோட்டாருக்குச் சிறியது என்பதும் உண்மை. டேங்க்கின் மேல் எழுதியிருக்கும் மொத்தக் கொள்ளளவு நம்மைத் திசைதிருப்பும். மோட்டார் ஓடாதபோது அது எவ்வளவு தண்ணீர் தரும் என்பதே கணக்கு. ஒருமுறை ஓடத் தொடங்கினால் மோட்டார் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்பது பொதுவான விதி, ஏனெனில் ஒவ்வொரு தொடக்கத்திலும் இயல்பைவிடப் பலமடங்கு மின்னோட்டம் பாய்ந்து சுருளைச் சூடாக்குகிறது. உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் தருவதால், டேங்க்கும் ஒருமுறைக்கு 40 லிட்டர் கொள்ள வேண்டும். 30/50 அமைப்பில் மொத்தக் கொள்ளளவில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைப்பதால் 135 லிட்டருக்குக் குறையாத டேங்க் தேவை. 100 லிட்டர் போதாது. பின்னாளில் 40/60-க்கு மாற்றினால் அந்தப் பங்கு நான்கில் ஒன்றாகக் குறையும், காற்றையும் 38-க்கு ஏற்ற வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. காற்று 9 பிஎஸ்ஐ-தான் இருந்தது, தண்ணீர் வரவில்லை. 28-க்கு அடித்தபின் மோட்டார் நிதானமாக ஓடுகிறது. ஆனால் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போதும் அழுத்தமானி மெல்ல இறங்குகிறதே?

முதல் பதில் எழுதியவர்:
அது டேங்க்கின் குறை அன்று. டேங்க்கிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டுக் கவனியுங்கள். அப்போதும் இறங்கினால், தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வோ கிணற்றுக்குள் செல்லும் குழாயோ கசிகிறது. இறங்காமல் நின்றால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது, முதலில் கழிப்பறைத் தொட்டியின் மிதவை வால்வைப் பாருங்கள்.

காற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது இதே முறையில் சரிபாருங்கள். இரும்புச்சத்து மிகுந்த தண்ணீராக இருந்தால் பிரஷர் ஸ்விட்சுக்குச் செல்லும் சிறு குழாய் துருப்படிவால் அடைத்துக்கொள்ளும். ஸ்விட்ச் அழுத்தத்தை உணராமல் மோட்டார் நிற்காமலே ஓடும் அபாயம் உண்டு. ஆகவே புது டேங்க் பொருத்தும்போது, அழுத்தம் மிகையானால் தண்ணீரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஒன்றையும் சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள்.