ரெப்போ 7 ஜிபி, வீட்டு நெட்டில் குளோன் முடியவே மாட்டேன் என்கிறது

ரஸ்தாக்காரன்:
ஆத்தங்குடி கல் விற்கும் ஒருவருக்கு வெப்சைட் செய்கிறோம். டிசைனர் ஒவ்வொரு பூ டிசைனையும் முழு ஃபோட்டோஷாப் ஃபைலாகவே கிட்டில் (ஃபைல்களின் ஒவ்வொரு வெர்ஷனையும் காத்து வைக்கும் மென்பொருள்) போட்டு, ஓரத்துப் பச்சையைக் கொஞ்சம் மாற்றினாலும் மறுபடி கமிட் செய்திருக்கிறார், அதாவது புது வெர்ஷனாகப் பதிந்திருக்கிறார். பழைய வெர்ஷன் எல்லாம் ஹிஸ்டரியில் உட்கார்ந்து ரெப்போ, அதாவது புராஜெக்டின் மொத்தச் சேமிப்பு, 7 ஜிபி ஆகிவிட்டது. நான் தொடுவது புரோகிராம் கோடு மட்டும். காரைக்குடியில் வீட்டு நெட்டில் குளோன் போட்டால் (சர்வரிலிருந்து லேப்டாப்புக்குக் காப்பி எடுத்தால்) பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து. டெப்த் 1 போடு என்கிறார்கள், எனக்குப் பழைய லாக் (யார் எப்போது என்ன கமிட் செய்தார் என்ற பட்டியல்) வேண்டும். வழி உண்டா?

கோட்டையூரான்:
இருக்கிறது தம்பி. டெப்த் 1 ஹிஸ்டரியையே வெட்டிவிடும், உங்களுக்கு அது ஆகாது. பார்ஷியல் குளோன் போடுங்கள். குளோன் கட்டளையில் ஃபில்டர் ஆப்ஷனுக்கு பிளாப் நன் என்று கொடுத்தால் கமிட், ட்ரீ (ஃபோல்டர்களின் பட்டியல்) எல்லாம் முழுசாக வரும், பிளாப் எனப்படும் ஃபைல்களின் உள்ளடக்கம் மட்டும் கேட்கும்போது வரும். லாக் சாதாரணமாக ஓடும். ட்ரீ 0 என்று இன்னொன்று உண்டு, அது பில்ட் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற மெஷினுக்குத்தான், அன்றாட வேலைக்கு வேண்டாம். உங்கள் சொந்த சர்வர் என்றால் அங்கே அலவ் ஃபில்டர் செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு வார்னிங்கோடு முழு 7 ஜிபியும் வந்து இறங்கும்.

ரஸ்தாக்காரன்:
அண்ணே, போட்டேன். முன்னைக்கு எவ்வளவோ தேவலை, ஆனால் கடைசியில் செக்அவுட் ஆகும்போது டிசைன் ஃபைல்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எந்த வரியை யார் மாற்றினார் என்று பார்க்க பிளேம் போட்டால் தூங்கிவிடுகிறது.

பள்ளத்தூர் டெவ்:
இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். செக்அவுட் என்றால் இன்றைய ஃபைல்கள் எல்லாம் டிஸ்க்கில் இருக்க வேண்டும், அதனால் அவற்றின் பிளாப் வந்தே தீரும். குளோனில் ஸ்பார்ஸ் ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டுவிட்டு, ஸ்பார்ஸ் செக்அவுட் செட் கொடுத்து கோடு ஃபோல்டரை மட்டும் எடுங்கள். கிட் 2.25 முதல் இந்த வசதி உண்டு. பிளேம் ஒரு ஃபைலின் பழைய வெர்ஷன்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும், அதான் இழுக்கிறது. ஒருமுறை வந்தது லோக்கலிலேயே தங்கிவிடும், அடுத்த தடவை வேகம்தான். கிட் 2.49 இருந்தால் பேக்ஃபில் கட்டளையை ஸ்பார்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், கோடு ஃபோல்டரின் பழைய பிளாப்களை மொத்தம் மொத்தமாக வாங்கிவிடும். ஊரில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால், வராத ஃபைலை நீங்கள் கேட்கிற இடத்தில் கிட் எர்ரர் அடிக்கும். அதற்கும் பேக்ஃபில்தான் மருந்து.

கோட்டையூரான்:
ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாளைக்குச் சண்டை வரும். இதில் மெலிவது உங்கள் லேப்டாப் காப்பி மட்டும், சர்வரில் அதே 7 ஜிபி அப்படியே கிடக்கும். கல்லைவிட கல்லின் படம் கனமாக இருக்கிறது! அங்கேயும் குறைய வேண்டும் என்றால் ஃபில்டர் ரெப்போ என்ற கருவியை வைத்து ஹிஸ்டரியைத் திருத்தி எழுத வேண்டும், கமிட் ஐடி எல்லாம் மாறும், எல்லோரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். பழைய குளோனிலிருந்து யாராவது புஷ் செய்தால் குப்பை திரும்ப உள்ளே வந்துவிடும். அதைச் செய்தபின் டிசைன் ஃபைல்களை எல்எஃப்எஸ்ஸுக்கு (பெரிய ஃபைல்களை ஹிஸ்டரிக்கு வெளியே தனியாக வைக்கும் கிட் வசதி) மாற்றிவிடுங்கள்.

ரஸ்தாக்காரன்:
ஸ்பார்ஸோடு புதிதாகப் போட்டேன், டிசைன் ஃபோல்டர் எட்டியே பார்க்கவில்லை, லாக்கும் முழுசாக இருக்கிறது. எல்எஃப்எஸ் பேச்சை டிசைனரிடம் சைட் லைவ் ஆனபிறகு எடுக்கிறேன், இப்போது எடுத்தால் அடிக்க வருவார்.