விகிதத்தின் நம்பிக்கை இடைவெளி மைனஸில் போகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
பயிற்சிக் கணக்கு இது. 20 பல்புகளைச் சோதித்ததில் 1 பழுது. (அ) பழுது விகிதத்துக்கு 95% நம்பிக்கை இடைவெளி காண்க. (ஆ) உண்மையான பழுது விகிதம் 0.1 எனில், 20 பல்புகளில் குறைந்தது 2 பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

(அ)வுக்கு 0.05 ± 1.96 × √(0.05 × 0.95 ÷ 20) போட்டேன். −0.046 முதல் 0.146 வரை வருகிறது. கீழ் எல்லையை 0 என்று எழுதிவிடலாமா? (ஆ)வுக்கு எனக்கு 0.323 வருகிறது, விடைப் பக்கத்தில் 0.608 இருக்கிறது.

பதில் 1:
(ஆ) சின்ன விஷயம். 'குறைந்தது 2' என்றால் 2-உம் சேர்த்தி. நீங்கள் 0, 1, 2 மூன்றையும் கழித்துவிட்டீர்கள். 0 பழுது: 0.9²⁰ = 0.1216. 1 பழுது: 20 × 0.1 × 0.9¹⁹ = 0.2702. இரண்டையும் 1-இலிருந்து கழித்தால் 0.608.

(அ)வில் சூத்திரம் சரி, அதைப் போட்ட இடம்தான் சரியில்லை. அது இயல்நிலைப் பரவலை (மணி வடிவ வளைவை) நம்பி நிற்பது. பழுதானவை, நல்லவை இரண்டும் தலா 10-ஆவது இருந்தால்தான் தைரியமாகப் போடலாம் (5 போதும் என்பவர்களும் உண்டு). இங்கே பழுது ஒன்றே ஒன்று. 0 என்று வெட்டுவதும் உதவாது: ஒரு பழுது கையில் கிடைத்த பிறகு உண்மை விகிதம் 0-ஆக இருக்கவே முடியாது.

சிறு மாதிரிக்கும் பொருந்தும் வில்சன் முறையில் போடுங்கள். 1.96² = 3.84, அதில் பாதி 1.92, கால் 0.96.
மையம்: (1 + 1.92) ÷ (20 + 3.84) = 0.1225
அரை அகலம்: (1.96 ÷ 23.84) × √(20 × 0.05 × 0.95 + 0.96) = 0.1136
இடைவெளி 0.009 முதல் 0.236 வரை. மையம் 0.05-இல் இல்லை என்று பதறாதீர்கள், சமச்சீரற்ற இடைவெளிதான் இங்கே நியாயம்.

பதில் 2:
தோராயமே வேண்டாம் என்றால் ஈருறுப்புப் பரவலிலிருந்தே (20-இல் எத்தனை பழுது என்பதன் நிகழ்தகவு, (ஆ)வில் போட்டதே) எல்லைகளை எடுக்கலாம். க்ளாப்பர், பியர்சன் இருவரும் 1934-இல் தந்த முறை. 'குறைந்தது 1 பழுது' நிகழ்தகவு 0.025 ஆகும் விகிதம் கீழ் எல்லை: 1 − 0.975^(1÷20) = 0.0013. '1 அல்லது அதற்கும் குறைவு' 0.025 ஆகும் விகிதம் மேல் எல்லை: 0.2487. மேல் எல்லைக்கு இப்படி எளிய சூத்திரம் கிடையாது, விரிதாளில் விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இந்த இடைவெளி வில்சனைவிடச் சற்று அகலம். உங்கள் (அ)வும் (ஆ)வும் ஒரே கணக்கின் இரு பக்கம் என்பது இதில் தெரியும்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் உண்மை விகிதம் 0.009-க்கும் 0.236-க்கும் நடுவில் இருக்க 95% வாய்ப்பு என்று எழுதலாமா?

பதில் 1:
எழுதினால் மதிப்பெண் போகும். 95% என்பது முறைக்கு உரியது (திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் சுமார் 95% தடவை இடைவெளிக்குள் உண்மை விகிதம் விழும்), கையிலுள்ள இந்த ஓர் இடைவெளிக்கு அல்ல. (ஆ)வின் எண்களை வைத்தே சோதிக்கலாம். உண்மை விகிதம் 0.1 என்று கொள்ளுங்கள். உங்கள் பழைய சூத்திரத்தில் 0 பழுது வந்தால் இடைவெளி 0-இலிருந்து 0, அதாவது 0.1 தப்பிவிடுகிறது. அதற்கே 12.16% போயிற்று. 7-உம் அதற்கு மேலும் வந்தாலும் தப்பும். மிச்சம் 1 முதல் 6 வரை, மொத்தம் 87.6% தான். வில்சனில் 0 முதல் 4 வரை எது வந்தாலும் 0.1 உள்ளே விழுகிறது: 95.7%.