சளியோட மேல் கடைவாய்ப் பல் வலி: பல்லா, சைனஸா?

ஊட்டிக்குளிர்:
சளி பிடிச்சு அஞ்சு நாள். இடது பக்கம் மேல் கடைவாயில மூணு பல் சேர்ந்து மந்தமா வலிக்குது. குனிஞ்சா விண்ணுனு தெறிக்குது. சொத்தை எதுவும் தெரியல. யார்கிட்ட காட்டணும்? சனிக்கிழமை ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கணும்.

பல்லாண்டு:
முதல் சந்தேகம் சைனஸ் மேலதான். கன்னத்து எலும்புக்குள்ள இருக்கிற காத்து அறைதான் சைனஸ், அதோட தரை மேல் கடைவாய்ப் பல் வேருக்கு நேர் மேல இருக்கு. சிலருக்கு நடுவுல காகிதம் கனத்துக்குத்தான் எலும்பு, நரம்பும் பொது. அந்த அறைக்கு வாசல் அடியில இல்ல, மேல. சவ்வு வீங்கி அது அடைச்சுட்டா சளி உள்ளேயே தேங்கிடும்.

ஸ்பூன் காம்பால ஒவ்வொரு பல்லா லேசா தட்டுங்க. எல்லாம் ஒரே மாதிரி வலிச்சா சைனஸ் பக்கம். ஒண்ணு மட்டும் துள்ளினாலோ, குளிர்ந்த தண்ணி பட்டு அரை நிமிஷம் கழிச்சும் கடுத்தாலோ பல். குனிஞ்சா வலிக்குதுங்கிறதை மட்டும் நம்பாதீங்க, வேர்ல சீழ் வெச்சாலும் அப்படி வலிக்கும்.

கல்லட்டி36:
மூக்கு கழுவ 250 மி.லி. தண்ணிக்கு அயோடின் இல்லாத உப்பு அரை டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. வெறும் தண்ணி விட்டா எரியும். கிருமி சாக, சமவெளியில தண்ணி தளதளன்னு 1 நிமிஷம் கொதிச்சா போதும். 6,500 அடிக்கு மேல 3 நிமிஷம். ஊட்டி 7,300 அடி சொச்சம், அங்க 93 டிகிரி கிட்டயே கொதி வந்துடும். வெதுவெதுன்னு ஆற விட்டு, தலையைச் சாய்ச்சு, வாயைத் திறந்துகிட்டு மேல் துவாரத்துல விடுங்க. மூக்கு முழுசா அடைச்சிருந்தா அழுத்தி ஏத்தாதீங்க, காதுக்குப் போகும்.

நம்ம ஊர் நீலகிரி தைலம் மூக்கு திறந்த மாதிரி ஒரு உணர்வு தரும், வீக்கத்தைக் குறைக்காது. கிராம்பு எண்ணெய் இங்க வீண், ஈறுதான் வெந்துபோகும்.

பர்லியார்வளைவு:
ஏறும்போது விட இறங்கும்போதுதான் வலி கொல்லும். மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள வெளிக்காற்று அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு கூடிடும். அடைச்ச சைனஸுக்குள்ள காத்து நுழைய முடியாம சவ்வு உள்ள இழுபடும். கிளம்ப அரை மணி நேரம் முன்னாடி மூக்கடைப்பைத் திறக்கிற சைலோமெட்டாசோலின் ஸ்ப்ரே. குன்னூர்லயும் பர்லியார்லயும் கொஞ்சம் நின்னு போங்க. ஸ்ப்ரே மூணு நாளுக்கு மேல வேண்டாம், மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிச்சுடும். பிரஷர், இதய நோய், கண் அழுத்தம் இருந்தா டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.

ஊட்டிக்குளிர்:
மூணும் ஒரே மாதிரிதான் வலிக்குது. ஆனா நடுப் பல்லுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை செஞ்சிருக்கு.

பல்லாண்டு:
அதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஒரே பக்கம் மட்டும் மூக்குல நாத்தமடிச்ச சளி வந்தா அந்த வேர்தான் காரணமா இருக்கலாம். பல் டாக்டர்கிட்ட அந்தப் பல்லுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுங்க. படம் பார்க்காம பல்லைப் பிடுங்க ஒத்துக்காதீங்க. 10 நாள் தாண்டினாலோ, குறைஞ்சு திரும்ப ஏறினாலோ மூக்கு டாக்டர். கண்ணைச் சுத்தி வீங்கினா, பார்வை ரெண்டா தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி.