படிச்சவன் பேச்சை நம்பாதேன்னு சொல்ற மாமாகிட்ட என்ன பேசறது?

செந்தூல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப்ல பதினோரு வருஷமா வேலை பார்க்கிறேன். பிரச்சினை என் தாய்மாமா. வயசு 68, லோரி ஓட்டி ரிட்டயரானவர். அப்பா போனதுக்கப்புறம் எங்களை வளர்த்தவர், அதனால எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

போன சனிக்கிழமை ராத்திரி ஜாலான் ஈப்போ பக்கம் மாமாக் கடையில, அதான் அந்தச் சாப்பாட்டு டீக்கடையில, அவரைக் கூப்பிடப் போனேன். நாலு பெரியவங்க, நடுவுல சீனி டப்பா மேல சாய்ச்சு வெச்ச போன், அதுல ஒரு செராமா, அரசியல் கூட்டம். மேடையில ஒருத்தர் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, "ஏசி ரூம்ல கணக்குப் போடறவனுக்கு நம்ம கஷ்டம் என்னா தெரியும்? நான் உங்க ஆளு, நான் சொல்றதைக் கேளுங்க"ங்கறார். நாலு தலையும் ஆடுது.

டீசல் பேச்சு வந்துச்சு. 2024 ஜூன்ல ஒரே ராத்திரியில 2 ரிங்கிட் 15 சென்னா இருந்தது 3 ரிங்கிட் 35 சென் ஆச்சே, அதை மாமா இன்னும் மறக்கல. அப்ப டிவியில ஒரு பொருளாதார நிபுணர் வந்து, போகப் போக நாட்டுக்கு நல்லதுன்னாராம். "அவன் ஒரு நாளாவது லோரி ஓட்டியிருக்கானா?"ன்னு கேட்டார். இது வரைக்கும் எனக்கும் சம்மதம்தான். ஆனா அங்கேயிருந்து ஒரே தாவு: தடுப்பூசி, வானிலை, இனிப்புநீர் மாத்திரை, எல்லாம் ஒரே கூட்டமாம். மாத்திரையை மூணு மாசமா நிறுத்திட்டார். மூணு மாசச் சராசரி சீனி அளவைக் காட்டற எச்பிஏ1சி 9.6 வந்திருக்கு, ரொம்ப அதிகம். ரிப்போர்ட்டைக் காட்டினா, "அந்த அளவை வெச்சதே மருந்து கம்பெனிக்காரன்தானே. நீயும் அவனுங்க ஆளுதானேம்மா"ன்னுட்டார்.

அந்த வார்த்தைதான் தைச்சிடுச்சு. தினமும் காலையில நோயாளி ரத்தத்தைத் தொடறதுக்கு முன்னாடி, விடை தெரிஞ்ச கண்ட்ரோல் சாம்பிளை மெஷின்ல ஓட விடுவோம். அது தப்பா வந்தா, சரி பண்ற வரைக்கும் அந்த டெஸ்ட்ல ஒரு ரிசல்ட்டும் வெளியே போகாது, டாக்டர் போன்ல கத்தினாலும் சரி. எங்க மெஷினை முதல்ல சந்தேகப்படறதே நாங்கதான். இதை எப்படி இவருக்குச் சொல்றது?

கெப்போங் அண்ணாச்சி:

தங்கச்சி, வயசானவங்ககிட்ட வாதாடி ஜெயிச்சவன் யாரு? சீனி போடாத ஒரு தே ஓ கோசோங் டீ வாங்கிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சீனியாவது குறையும்.

தேம்ஸ் தாண்டியவன்:

2016இல் நான் லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு இருபது நாள் முன்பு, ஜூன் 3 அன்று, விலக வேண்டும் என்ற தரப்பில் இருந்த அமைச்சர் மைக்கேல் கோவ் டிவியில் சொன்னது உலகம் முழுக்கச் சுற்றியது: மக்களுக்கு நிபுணர்கள் அலுத்துவிட்டார்களாம். உண்மையில் அது பாதி வாக்கியம். முதலெழுத்துகளைக் கோத்துச் சுருக்கப் பெயர் வைத்த அமைப்புகளிலிருந்து வந்து, எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, திரும்பத் திரும்பத் தப்பாகச் சொல்கிற நிபுணர்கள் என்றுதான் அவர் பேசினார்.

அது எடுபட்டதற்குக் காரணம் இருந்தது. 2008 நவம்பரில், வங்கிகள் சரிந்த சூட்டோடு, ராணி எலிசபெத் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போனவர் அங்கிருந்த பொருளாதாரப் புலிகளிடம், ஏன் ஒருவரும் இதை முன்கூட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டார். ராணி கேட்டதையேதான் உங்கள் மாமா மாமாக் கடையில் கேட்கிறார்.

ஆனால் அதே பிரெக்சிட்காரர்கள் சிவப்பு பஸ்ஸில், வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்று எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது, தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. பஸ் நிற்கவில்லை. அவர்களுக்கு நம்பர் அலுக்கவில்லை, நம்பரைச் சரிபார்க்கிற ஆள்தான் அலுத்துப்போனான்.

மற்ற இடங்களிலும் பாருங்கள். 2019 செப்டம்பரில் டோரியன் புயல் அலபாமாவையும் தாக்கும் என்றார் டிரம்ப். கொஞ்ச நேரத்திலேயே அலபாமாவில் உள்ள பர்மிங்ஹாம் வானிலை அலுவலகம் பாதிப்பு இல்லை என்றது. மூன்று நாள் கழித்து வெள்ளை மாளிகையில் காட்டிய வரைபடத்தில், கறுப்பு மார்க்கர் பேனாவால் புயலின் பாதை அலபாமா வரைக்கும் வளைந்திருந்தது! அதற்கு முந்தைய மாதம்தான் பிரேசிலில் அமேசான் காடழிப்புக் கணக்கை விடாமல் வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் பதவி இழந்தார். 2025 ஆகஸ்ட் 1, அமெரிக்காவில் வேலைவாய்ப்பு எண்ணிக்கை மோசமாக வந்த அன்றைக்கே, அதைக் கணக்கிடும் துறையின் தலைவர் எரிக்கா மெக்கென்டார்ஃபரை டிரம்ப் நீக்கினார். மாமாவின் மேடைக்காரர் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: அவர் எப்போதாவது, நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறாரா?

கிள்ளான் மிஸ்ஸி:

லண்டன் கதையெல்லாம் மாமாவுக்கு வேணாம் லா. நம்ம ஊர்லயே இருக்கு.

2020 மார்ச்ல அப்போதைய சுகாதார அமைச்சரே டிவியில வந்து, சுடுதண்ணி குடிச்சா வைரஸ் வயித்துக்குள்ள இறங்கிடும், அமிலம் கொன்னுடும்னார். நான் வார்டுல இருந்தேன். எங்களுக்குள்ள பார்த்துச் சிரிக்கக்கூட முடியல. அப்புறம் மக்கள் சாயங்காலம் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் வந்து கொரோனா நம்பர் படிக்கறதுக்குக் காத்திருந்தாங்க. அமைச்சரும் அதிகாரிதான், அவரும் அதிகாரிதான். ஜனங்க ஆள் பார்த்துத்தான் நம்பினாங்க.

கொரோனாவுக்கு ஐவர்மெக்டின் மருந்து கேக்கும்னாங்களே, ஞாபகம் இருக்கா? மாட்டுக்குக் குடுக்கற பூச்சி மருந்துன்னு ஒரு பக்கம், ஏழைக்குக் கிடைக்கக் கூடாதுன்னு மறைக்கறாங்கன்னு இன்னொரு பக்கம். சும்மா சண்டை போடாம நம்ம அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டருங்க 2021ல சோதிச்சுப் பார்த்தாங்க. 20 ஆஸ்பத்திரி, 50 வயசுக்கு மேல வேற நோயும் உள்ள 490 பேர். மருந்து சாப்பிட்ட 241 பேர்ல 52 பேருக்கு நோய் முத்திடுச்சு. சாப்பிடாத 249 பேர்ல 43 பேருக்கு. அவ்வளவுதான், தடுக்கல. அமெரிக்க மருத்துவ இதழ்லயே வந்துச்சு. பணக்கார நாட்டுக்காரன் பண்ண ஆராய்ச்சி இல்ல, நம்ம வார்டுல பண்ணது.

இதைச் சொன்னா கேட்டுக்குவார்னு நினைக்காதீங்க. எங்க அண்ணனே கேக்கல.

பத்துமலை அடிவாரம்:

ஒரே ஒரு கேள்வி. மாமா எப்போதிலிருந்து இப்படி? பிறந்ததிலிருந்தா? கேட்டுப் பார்த்தீர்களா?

செந்தூல்காரி:

மன்னிக்கணும், நாலு நாளாச்சு பதில் போட. பத்துமலைக்காரர் கேட்டதை மாமாகிட்டயே கேட்டேன். ஞாயித்துக்கிழமை, பின்வாசல் படியில உக்காந்து பெத்தாய்க் காய் உரிச்சுட்டு இருந்தார். கையை நிறுத்தாமத்தான் சொன்னார். இத்தனை வருஷத்துல வீட்ல யாருக்கும் சொன்னதில்லை.

1998 கடைசியில ஒரு சீன முதலாளிகிட்ட லோரி ஓட்டியிருக்கார். ஈப்போ பக்கத்துல பன்னி ஏத்தி நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்ல இறக்கணும். அங்க நோய் வந்துட்டதால பண்ணைக்காரங்க அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டு இருந்தாங்களாம். பன்னிங்க இருமற சத்தம் ரோட்டுக்கே கேக்கும்னார். அரசாங்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு சொல்லிக் கொசு மருந்து அடிச்சது, ஊசி போட்டது. மாமாவுக்கும் ரெண்டு ஊசி, அவரோட லோரியில உதவியாளா இருந்த கெலிண்டான் பையனுக்கும் ரெண்டு ஊசி. அவன்தான் பன்னியைத் தூக்கி ஏத்தறவன். மாமா ஊசி போட்டவர்கிட்டயே கேட்டிருக்கார்: "பன்னிதானே இருமுது, கொசுவா இருமுது?" உனக்குத் தெரியாதுன்னு பதில்.

பையன் ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் இருந்து செத்துட்டான். கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிருந்தது. "கொசுவை அடின்னாங்க, பன்னியை ஏத்தாதேன்னு ஒருத்தனும் சொல்லலையேம்மா"ன்னார். அப்பத்தான் கை நின்னுச்சு.

எனக்குப் படிப்புல வந்த பாடம் இது. நிப்பா வைரஸ். மாமாகிட்ட மெதுவாச் சொன்னேன். அவரை மாதிரியே, இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மாதிரி தெரியலையேன்னு இன்னொருத்தருக்கும் தோணியிருக்கு: டாக்டர் சுவா காவ் பிங். 1999 மார்ச்ல, சுங்கை நிப்பா கம்போங்ல இருந்து வந்த ஒரு நோயாளியோட தண்டுவட நீர்ல இருந்து வைரஸை வளர்த்தார். மைக்ராஸ்கோப்ல பார்த்தா செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. கொசு நோய் வைரஸ் அப்படிப் பண்ணாதேன்னு சாம்பிளைக் கையோட அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போய் உறுதி பண்ணார். புது வைரஸ், பன்னிகிட்ட இருந்து வருதுன்னு தெரிஞ்சது. அப்புறம் ராணுவம் இறங்கிச்சு, பத்து லட்சம் பன்னி போச்சு, நோய் நின்னுச்சு. அதுக்குள்ள 105 பேர் செத்துட்டாங்க.

"அவர் எங்க வேலை பார்த்தார்?"

"மலாயா யூனிவர்சிட்டியில. நீங்க கண்ணு காட்டப் போறீங்களே, அந்த ஆஸ்பத்திரியில."

ஒண்ணும் பேசல. பெத்தாய்த் தோலை எல்லாம் கூட்டிப் பையில போட்டுட்டு உள்ளே போயிட்டார்.

இன்னைக்குக் காலையில குடும்ப வாட்ஸ்அப்ல அதே மேடைக்காரரோட வீடியோவை அனுப்பியிருந்தார். டீசல் ஒரே ராத்திரியில 2 ரிங்கிட் ஏறுச்சுன்னு அந்த ஆள் முழங்கறார். கீழே மாமா டைப் பண்ணியிருக்கார்: "1.20தான் ஏறுச்சு. இவன் கணக்கு தப்பு. மத்தது எல்லாம் சரி."

மாத்திரை டப்பாவை இன்னும் பிரிக்கல.