போர்ச்சுகல் வந்திறங்கியவர்களுக்கு: பெயரையும் பட்டத்தையும் பற்றி ஒரு வார்த்தை

வீடு, நிஃப் எண் (வரி எண்), வங்கிக் கணக்கு பத்தியெல்லாம் இங்கே நிறையப் பேர் சொல்லிட்டாங்க. நான் பெயரைப் பத்தி மட்டும் சொல்றேன். என்னை முதல் மாசம் அதிகம் படுத்தினது அதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. யாரோன்னு சும்மா உட்கார்ந்திருந்தேன், முறை போயிடுச்சு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தா, இங்கே நீங்கதான் அவர்! படிவத்தில் 'அப்பெலீடு'ன்னு இருந்தா குடும்பப் பெயர். பிரேசில்காரரிடம் கேட்டுக் குழம்பாதீங்க, அவங்க ஊரில் அதே சொல்லுக்குப் பட்டப்பெயர்னு அர்த்தம். எந்த அலுவலகமானாலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற வரிசையிலேயே எழுதுங்க.

இவங்க பெயர் நீளமா இருக்கேன்னு மலைக்க வேண்டாம். சட்டப்படி ஆறு சொல் வரை வரலாம்: சொந்தப் பெயர் இரண்டு, குடும்பப் பெயர் நாலு. பெரும்பாலும் அம்மா வழிப் பெயர் முன்னால, அப்பா வழிப் பெயர் கடைசியில. ஐ.நா. பொதுச்செயலராக இருந்த குட்டெரஸின் முழுப்பெயர் அந்தோனியோ மனுவேல் டி ஒலிவெய்ரா குட்டெரஸ். ஒலிவெய்ரா அம்மா வழி, குட்டெரஸ் அப்பா வழி. நடுவில் வர்ற டி, டா, டோஸ் எல்லாம் வெறும் ஒட்டு, அகரவரிசையில் கணக்கில்லை.

பெயர்களோட அர்த்தம் தெரிஞ்சா நெருக்கமாத் தோணும். சில்வான்னா லத்தீனில் காடு. பெரெய்ரா பேரி மரம், ஒலிவெய்ரா ஒலிவ மரம், கர்வாலோ ஓக் மரம். ஊர் மந்தையில் நிக்கிற மரத்தை வச்சு ஆளை அடையாளம் சொல்ற மாதிரிதான். பெர்னாண்டஸில் அந்த 'எஸ்' மகன்னு அர்த்தம், பெர்னாண்டோவோட மகன். தூத்துக்குடி, மணப்பாடு ஆட்களுக்கு இதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெயர்களா இருக்கும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்ற காலத்தோட வந்த வழக்கம் அது.

இனி மரியாதை. வீட்டுக்கார அம்மாவை 'தோனா' சேர்த்து முதல் பெயரால் கூப்பிடுங்க, குடும்பப் பெயரால் இல்லை. ஆண்களுக்கு 'செஞ்ஞோர்'. லத்தீனில் மூத்தவர்னு பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, நம்ம 'பெரியவர்' மாதிரி. டிகிரி முடிச்ச எவரும் 'தோத்தோர்', அதாவது டாக்டர் ஆகிடுவார், வைத்தியராகவோ ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினவராகவோ இருக்கணும்னு இல்லை. இன்ஜினியர்னா 'எஞ்ஜெஞ்ஞெய்ரு', குட்டெரஸையே அப்படித்தான் சொல்வாங்க. எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் படுது, ஆனா அலுவலகத்தில் பட்டத்தை விட்டா முகம் மாறுது.

'நீங்க'ன்னு சொல்ற 'வொசே' மட்டும் வேண்டாம். ஒரு காலத்தில் 'வொசா மெர்சே', அதாவது 'தங்கள் கருணை'. தேய்ஞ்சு தேய்ஞ்சு வொசே ஆச்சு. பிரேசிலில் சாதாரணம், இங்கே பெரியவங்ககிட்ட சொன்னா வெடுக்குன்னு கேட்கும். அதுக்குப் பதிலா 'செஞ்ஞோர் காபி சாப்பிடுறாரா?'ன்னு படர்க்கையில் கேட்கணும்.

— அண்ணா, அப்போ 'தோனா'வுக்கு ஆண்பால் 'தோம்' தானா? வீட்டுக்காரரை அப்படிக் கூப்பிடலாமா?

கூப்பிட்டுடாதீங்க தம்பி, சிரிப்பாங்க! 'தோம்' ராஜாக்களுக்கும் ஆயர்களுக்கும் உள்ளது. 1910ல ராஜாவே போயாச்சு, மிச்சம் ஆயர்கள்தான். வீட்டுக்காரருக்கு செஞ்ஞோர் போதும்.