சாத்தே குச்சி, மைலோ டின், கோழிக்குஞ்சு பல்பு: பழைய ரேடியோவுக்கு நீங்கள் செய்த கருவி எது?

ஜெலுத்தோங், பினாங்கு

தாத்தா வாங்கிய ஜெர்மன் வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்கள் உள்ளது) எங்கள் வீட்டு ஹாலில் பூச்சாடி வைக்கும் மேசையாகப் பல வருடம் கிடந்தது. அப்பா இறந்த பிறகு அதை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பின்மூடியைக்கூடத் திறக்காமல், "இதுக்கெல்லாம் சாமான் கிடைக்காது, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் எனக்கு அதிகம் கைகொடுத்தது சாத்தே குச்சி, இறைச்சியைக் கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. சொன்னால் பலர் நம்புவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ரேடியோவைப் போட்டால் பாடும். பத்து நிமிடம் கழித்துக் குரல் கரகரக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல். 84 வால்வுக்குள் இருக்கும் தகடு மங்கிய சிவப்பாக ஒளிரும். அந்தத் தகடு சிவக்கவே கூடாது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 9 வோல்ட். குற்றவாளி அதற்கு முன்னால் இருந்த மெழுகு பூசிய காகிதக் கெபாசிட்டர். ஒலியை மட்டும் விட்டு, நேர் மின்னை மறிப்பது அதன் வேலை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் ஈரம் ஏறினால் கசிய ஆரம்பித்துவிடும். முந்தைய வால்வின் உயர் வோல்ட் அந்தக் கசிவு வழியாகக் கிரிட்டுக்கு வந்து, வால்வை அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்க வைக்கிறது. 0.01 மைக்ரோஃபேரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றை மாற்றினேன். ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) செலவில்லை.

ஆனால் கொரகொரப்பு மட்டும் போகவில்லை. எங்கோ ஓர் இணைப்பு ஆடுகிறது. ரேடியோ ஓடும்போதுதான் அதைத் தேட முடியும், உள்ளேயோ 250 வோல்ட். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையில் சாத்தே குச்சியைப் பிடித்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டினேன். நாற்பதாவதோ ஐம்பதாவதோ தட்டலில் ஸ்பீக்கர் டப்பென்று சத்தம் போட்டது. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது அந்த இணைப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கம்பியைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையக் கீறல். ரேடியோவை அணைத்துவிட்டுப் பழைய ஈயத்தை (இணைப்பை ஒட்டும் சால்டர்) எடுத்துப் புது ஈயம் வைத்தேன். சத்தம் நின்றது.

இரண்டாவது வேலை காயில், அதாவது கம்பிச் சுருளை, சரியான அளவுக்குத் திருப்புவது. எஃப்.எம். பகுதியின் 10.7 மெகாஹெர்ட்ஸ் காயில்களுக்குள் சின்ன ஃபெரைட் மணிகள் திருகாணி மாதிரி இருக்கும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் அந்த இரும்பே அளவை மாற்றிவிடும். சரியாக வைத்துவிட்டோம் என்று வெளியே எடுப்போம், எடுத்ததும் பழையபடி விலகிவிடும். அதோடு பழைய மெழுகில் ஒட்டிக்கொண்ட மணியை இரும்பால் அழுத்தினால் வெடித்துவிடும், காயில் அவ்வளவுதான். சாத்தே குச்சியின் தட்டை முனையைப் பிளேடால் ஸ்க்ரூடிரைவர் வடிவில் சீவிக்கொண்டேன். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் மெழுகு இளகும், அப்புறம் மெதுவாகத் திருப்பலாம். அழுத்தம் கூடினால் மூங்கில்தான் முதலில் ஒடியும், மணி தப்பிக்கும். பதினொரு குச்சி ஒடிந்தது எனக்கு, மணி ஒன்றுகூட உடையவில்லை.

ஒரு விஷயம்: பாசாரில் விற்கும் புதுக் குச்சிக் கட்டையே வாங்குங்கள், சாப்பிட்டுப் போட்ட குச்சி வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மூடி இறுகிய பாட்டிலில் போட்டுவையுங்கள். ஈரக் குச்சியில் கரண்ட் பாயும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

அண்ணே, ஏழு மாதம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே வணக்கம்.

என் பங்கு பல்பு. பல வருடம் ஓடாத ரேடியோவை நேராகச் சுவரில் செருகவே கூடாது. உள்ளே ஷார்ட் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதற்கு மாற்று கிடைப்பது பெரும்பாடு. அதனால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை லைவ் கம்பியில் தொடராக இணைத்து ஒரு பலகையில் வைத்திருக்கிறேன், ரேடியோ அதன் வழியாகத்தான் கரண்ட் வாங்கும். போட்டவுடன் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். நான்கு கடை ஏறி இறங்கினேன், இல்லை. கடைசியில் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டப் போடும் பல்பு கிடைத்தது. அருமையாக வேலை செய்கிறது. பலகையின் ஹோல்டரும் பிளக்கும் மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். அங்கே ஒட்டுப்போட்ட வயரை வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம், போர்டிலிருந்து சாமானைக் கழற்ற ஊசி. மருந்துக் கடையில் புது 18 கேஜ் ஊசி வாங்கி, கூர்முனையை அரத்தால் மட்டமாகத் தேய்த்துவிடுவேன். அதன் உள்துளை 0.84 மில்லிமீட்டர். ரெசிஸ்டரின் கால் உள்ளே நுழையும். ஈயம் உருகியதும் ஊசியைக் காலின் மேல் இறக்கி, ஈயம் உறையும்வரை விரலால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஈயம் ஒட்டாது, கால் தனியாக நின்றுவிடும். பழைய போர்டில் செப்புத் தடம் லேசாக இழுத்தாலே உரிந்து வந்துவிடும் என்பதால், உறிஞ்சும் பம்ப்பைவிட எனக்கு ஊசிதான் பிடிக்கும்.

சாமான் எல்லாம் புடு பக்கம் ஜாலான் பாசாரில்தான் வாங்குகிறேன். வோல்ட் அளவை மட்டும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

தம்பிகளா, நான் இங்கே ஃபேக்டரி லைனில் இருபத்தாறு வருடம் ஈயம் வைத்தவள். 1972இல் இந்தத் தடையற்ற வர்த்தக வலையம் தொடங்கியபோது எனக்கு நான்கு வயது. என் சித்தி முதல் செட்டில் போனார், பிறகு நான் போனேன். இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் உடைந்த பொம்மையை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

சித்தி எனக்கு முதல் நாள் சொன்னது: "ஈயத்தைச் சுடாதே, கம்பியைச் சுடு." சால்டரிங் அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்துப்போய் இணைப்பில் அப்பினால் அது மேலே உட்காருமே தவிரப் பிடிக்காது. ஜெலுத்தோங் தம்பி கண்ட அந்த வளையக் கீறல் அப்படியும் வரும், பல வருடச் சூட்டிலும் குளிர்ச்சியிலும்கூட வரும். முனையைக் கம்பியும் தகடும் சேரும் இடத்தில் வைத்து இரண்டு நொடி பொறுங்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைத் தொடுங்கள். தானாக ஓடிக் கவிந்துகொள்ளும். பழைய ரேடியோவுக்கு 63/37 ஈயமே (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) நல்லது. 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும், கூழாக நிற்காது. இப்போது ஃபேக்டரிகளில் வைக்கும் காரீயம் இல்லாத வகை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அந்தச் சூடு பழைய போர்டுக்கு அதிகம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், இதில் நான் யாரையும் விடமாட்டேன்.

என் கருவிகள் எல்லாம் சமையலறையிலும் கண்ணாடி மேசையிலும் இருப்பவை. மைலோ டின்னுக்குள் பித்தளைச் சுருள் போட்டு வைத்திருக்கிறேன், அயர்ன் முனையை அதில் இரண்டு குத்துக் குத்தினால் சுத்தமாகிவிடும். ஈரப் பஞ்சு மாதிரி முனையைக் குளிரவைக்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் சுருளைப் போடாதீர்கள், முனையின் பூச்சு கீறிவிடும்.

தலைமுடிக்குப் போடும் இரும்புக் கிளிப்பை நான் தூக்கிப்போடுவதே இல்லை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஓ.சி. 71, ஓ.சி. 44 என்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருக்கும். சூடு பட்டால் போய்விடும். ஈயம் வைக்கும் இடத்துக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே காலில் கிளிப்பைக் கடிக்கவிட்டால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஈயம் உறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கிளிப்பை எடுக்காதீர்கள்.

காயில் மணியைத் திருப்பிய பிறகு நகராமல் இருக்க ஒரு பொட்டு நகப்பூச்சு போதும்.

இன்னொன்று. பழைய பெட்டிகளில் வயர்களை மெழுகு நூலால் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அந்த நூல் இற்றுப்போயிருந்தால் நான் பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் இழுத்து, பூத்தொடுக்கிற மாதிரியே முடிச்சுப் போட்டுக்கொண்டு போவேன். கை தானாகப் போகும். பிளாஸ்டிக் டை போட்ட பழைய ரேடியோவைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் டயல் நூல் அறுந்தால் தூண்டில் கடைக்குப் போங்கள். பின்னல் நூல் கேளுங்கள், வழுவழு நைலான் வேண்டாம், அது இழுபட்டு வழுக்கும். பழைய நூலை அவிழ்ப்பதற்கு முன்னால் போனில் நான்கு படம் எடுத்துவைத்துவிடுங்கள். எந்தச் சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றியது என்பது அவிழ்த்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன், யாராவது தப்பிக்கட்டும். யு.எல். 84, யு.ஒய். 85 என்று யு எழுத்தில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் கவனம். அந்தப் பெட்டிகள் பலவற்றில் மின்னைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராக இரும்புச் சேசியில் (அடிச்சட்டம்) சேர்ந்திருக்கும். எனக்கு அது தெரியாது. ஒலிக் குமிழ் தொலைந்துபோய் வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது, இடுக்கியால் பிடித்துத் திருப்பினேன். மறு கை பக்கத்திலிருந்த ஃபிரிட்ஜின் மேல். தூக்கி எறிந்தது. தோள் மூன்று நாள் வலித்தது.

குமிழ் இருந்தாலும் அதன் பக்கத்தில் உள்ள குட்டித் திருகாணியிலும் கரண்ட் இருக்கும். அதைத்தான் அந்தக் காலத்தில் மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். குழி வெறுமையாக இருந்தால் மெழுகுவர்த்தி உருக்கி அடைத்துவிடுங்கள். உள்ளே கை வைப்பதானால், ரேடியோவை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். செந்தூல் நண்பரின் பல்பு ரேடியோவைக் காக்கும், ஆளைக் காக்காது.

ஜெலுத்தோங், பினாங்கு

ரொம்ப நன்றி. பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் சொன்னதைப் படித்ததும் நேற்றிரவே எழுந்து போய் என் ரேடியோவின் திருகாணிக் குழிகளைப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்தான், ஆனாலும் மெழுகு வைத்துவிட்டேன்.

அணைத்த பிறகும் மின்சாரம் தேங்கியிருக்கும் பெரிய கெபாசிட்டரை வெறுமையாக்க ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே போடுகிறவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். தீர்ந்துபோன தடித்த மார்க்கர் பேனாவின் கூட்டுக்குள் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, முனையில் பித்தளைத் திருகாணி, பின்னால் முதலை கிளிப் போட்ட வயர். கிளிப்பை முதலில் சேசியில் கடிக்கவிட்டு, முனையைக் கெபாசிட்டரில் வைத்துப் பத்துவரை எண்ணுவேன். அப்புறம் மீட்டர் வைத்துப் பூஜ்யம்தானா என்று பார்த்துவிட்டுத்தான் விரல் உள்ளே போகும்.

பாயான் லெப்பாஸ் அக்கா, என் ரேடியோவிலும் அந்த நூல் பொடிப்பொடியாக உதிர்கிறது. அம்மாவிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக்காட்டினேன். நூலையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாதி வயர் கட்டியாகிவிட்டது. ஸ்பீக்கர் துணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போகிறேன்.