மறு: வகுப்பறை ஆய்வில் கூட இருந்து கேட்பவருக்கு என்ன பெயர்? ‘கேள்வித்துணை’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

வகுப்பறை ஆய்வில் கூட இருந்து கேட்பவருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. ஆளுக்கொரு சொல் வந்துவிட்டது. ஆனால் அப்படிக் கூட இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்பதில் நமக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதை முதலில் பேசிவிடலாம்.

பயிற்சி ஆசிரியர் தன் வகுப்பில் செயலாராய்ச்சி செய்கிறார், அதாவது வகுப்பில் உள்ள ஒரு சிக்கலைத் தானே செய்து பார்த்து ஆராய்கிறார். இன்னொருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து அந்த வகுப்பைப் பார்க்கிறார், அவருடைய நாட்குறிப்பைப் படிக்கிறார், பிள்ளைகளின் நோட்டைப் புரட்டுகிறார், பிறகு கேள்வி கேட்கிறார். ஆங்கிலத்தில் இவரைக் கிரிட்டிகல் ஃப்ரெண்ட் என்கிறார்கள். 1993-ல் கல்வியாளர்கள் கோஸ்டாவும் காலிக்கும் எழுதிய கட்டுரையில் இவருக்கு ஒரு விளக்கம் இருக்கிறது: நம்பிக்கைக்குரியவர், உசுப்பிவிடும் கேள்விகளைக் கேட்பவர், கையிலுள்ள தரவை வேறொரு கோணத்தில் பார்க்க வைப்பவர், நண்பராக நின்று குறைநிறை சொல்பவர். இந்த வரிசையைக் கவனியுங்கள். கேள்வி முன்னால் வருகிறது, குறைநிறை கடைசியில்தான்.

> ‘விமர்சன நண்பர்’ என்று ஏற்கெனவே சில கையேடுகளில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாமுங்க. விமர்சனம் என்றாலே நம் ஆட்களுக்குச் சினிமா விமர்சனம்தான் ஞாபகம் வரும். இல்லையென்றால் குறை சொல்வது. முதல் தடவையாக நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும் பெண்ணிடம் போய் ‘உனக்கு ஒரு விமர்சன நண்பர் வருவார்’ என்றால், அன்றைக்குப் பார்த்து நன்றாகப் படிக்கும் நாலு பேரை மட்டும் எழுப்பிப் பதில் சொல்ல வைப்பாள். ஆய்வு அங்கேயே முடிந்தது.

‘திறனாய்வுத் தோழர்’ என்ற சொல்லுக்கும் இதே சிக்கல்தான். திறனாய்வை இலக்கியக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். தோழர் என்று திருப்பூர்ப் பக்கம் சொல்லிப் பாருங்கள், எந்தச் சங்கம் என்று கேட்பார்கள்.

> குறள் 447-ல் ‘இடிக்குந் துணையார்’ என்று வள்ளுவரே சொல் கொடுத்துவிட்டார். ‘இடிதுணை’ என்று வினைத்தொகையாக்கினால் போதும். கலைக்களஞ்சியம் தந்த பெரியசாமித் தூரன் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு ஆங்கிலத்துக்கு நிழலாகச் சொல் செய்ய வேண்டுமா?

மொடக்குறிச்சி ஐயாவின் இந்த மடலுக்குத்தான் நிறையப் பேர் கைதட்டினார்கள். இடிதுணை அழகான சொல், இலக்கணத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

இடித்துரைக்கிறவருக்கு விடை தெரியும். மன்னன் தப்பு செய்கிறான், சரி எது என்று அமைச்சருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லித் திருத்துகிறார். நம் பயிற்சி ஆசிரியர்களுக்கு அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்: வழிகாட்டி ஆசிரியர், தலைமையாசிரியர், கல்லூரியிலிருந்து பார்வைக்கு வரும் பேராசிரியர். நாம் பெயர் தேடுகிற ஆளுக்கு விடை தெரியாது. தெரியாததால்தான் அவர் கேட்கிற கேள்விக்கு மதிப்பு.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பி.எட். மாணவி ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டலை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள்; மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். முன்தேர்வு, காகித மடிப்பு, மீச்சிறு பொது மடங்கு, பின்தேர்வு என்று திட்டம் பக்காவாக இருந்தது. கூட வந்த இன்னொரு பயிற்சி மாணவி தமிழ்ப் பாடத்துக்காரி, கணக்கென்றால் அவளுக்கே பயம். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் வகுப்பு முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ஏனுங்க்கா, ரெண்டு கீழ் அஞ்சுன்னு எழுதுன பசங்கள்ல யாரையாச்சும், இது எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மறுநாள் கேட்டாள். ஒரு பையன் சொன்ன பதில்: “நேத்து கபடி ரெண்டு ஆட்டமுங்க டீச்சர், ஒண்ணு கெலிச்சோம். இன்னைக்கு மூணு ஆட்டம், அதுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு தானுங்களே?”

கபடிக் கணக்குக்கு அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவன் பின்னத்தை ஒரு முழுப் பொருளின் பங்காகப் பார்க்கவே இல்லை, வெற்றிக் கணக்காகப் பார்த்திருக்கிறான். இரண்டு ஆட்டத்தில் பாதி, மூன்று ஆட்டத்தில் மூன்றிலொரு பங்கு என்று எடுத்தால் இரண்டுக்கும் முழுமை வேறு வேறு. இவனுக்குப் பத்து நாள் மீச்சிறு பொது மடங்கு நடத்தினால் பின்தேர்வில் மதிப்பெண் ஏறலாம். மனதுக்குள் அந்தக் கபடி ஆட்டம் அப்படியே இருக்கும். ஆய்வுக் கேள்வியே அன்று மாறிப்போனது: ‘காகித மடிப்பால் எத்தனை பேர் தேர்ச்சி பெறுகிறார்கள்’ என்பது போய், ‘பின்னத்தைப் பிள்ளைகள் எதன் பங்காக நினைக்கிறார்கள்’ என்று ஆனது. இதில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. கணக்குத் தெரிந்த யாராவது பின்பெஞ்சில் இருந்திருந்தால், ‘பகுதியைச் சமன் செய்யச் சொல்லிக்கொடும்மா’ என்று அறிவுரையோடு எழுந்து போயிருப்பார்.

1946-ல் உளவியலாளர் கர்ட் லெவின் செயலாராய்ச்சியை விளக்கும்போது திட்டம், செயல், செயலின் விளைவைப் பற்றிய உண்மையறிதல் என்று சுற்றுச் சுற்றாக மேலேறும் படிகளைச் சொன்னார். நம் பதிவேடுகளில் சறுக்குவது அந்த மூன்றாவது படியில்தான். முன்தேர்வு சராசரி, பின்தேர்வு சராசரி, ஒரு பட்டை வரைபடம், ‘எனவே என் ஆராய்ச்சி வெற்றி பெற்றது’. தோல்வியடைந்த செயலாராய்ச்சி ஒன்றையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா? பின்பெஞ்சுக்காரருக்கு வேலை அந்தப் படியில் இருக்கிறது. பெயரும் அந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: கேள்வித்துணை.

புதிதாக ஒட்டவைத்த சொல் மாதிரி இது தோன்றாது. பேச்சுத்துணை, வழித்துணை என்று நாளும் சொல்கிறோம். ‘தனியா இருக்கிறேன், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை’ என்று பாட்டிமார் சொல்வதில்லையா, அதே வார்ப்பு. தூரன் பேரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த அவரே பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர், பிறகு குழந்தைகளுக்கென்றே தனிக் கலைக்களஞ்சியமும் செய்தவர். நாம் செய்கிற சொல்லும் ஆசிரியர் அறையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமில்லாததாக இருக்கட்டும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பழந்தமிழில் கேள்வி என்றால் செவிகொடுத்துக் கேட்பது. குறளில் கேள்வி அதிகாரம் முழுக்க அதைப் பற்றித்தான். இன்றைக்கு வினா. இந்த ஆளுக்கு இரண்டு வேலையுமே உண்டு: காதால் கேட்பது, வாயால் கேட்பது. ‘வினவுதுணை’ என்று எழுதிய உடுமலைத் தங்கச்சிக்கு இதுதான் என் பதில். சொல் கட்டாக இருக்கிறது, ஆனால் வினா மட்டும்தான் அதில் ஏறுகிறது, கேட்டுக்கொண்டிருப்பது விட்டுப்போகிறது.

> கேள்வித்துணைவர் / துணைவி என்று பால் காட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் ‘துணைவியார்’ என்று யாரைப் போடுகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ‘இவர் என் கேள்வித்துணைவி’ என்று ஒரு தம்பி பதிவேட்டில் எழுதிவைத்தால் வீட்டில் வேறு மாதிரிக் கேள்வி வரும். துணை என்றே நிற்கட்டும்: ‘என் கேள்வித்துணை கேட்டார்’, ‘நான் அவருக்குக் கேள்வித்துணையாக இருந்தேன்’.

வழிகாட்டி ஆசிரியரே கேள்வித்துணையாக இருக்கலாமா என்று பெருந்துறை அக்கா கேட்டிருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை கூடாது. மதிப்பெண் போடுகிற கை கேள்வி கேட்டால் அது வாய்மொழித் தேர்வாகிவிடும். நானே வழிகாட்டி ஆசிரியர்தான். நான் ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளைகள் உடனே ‘சாரி சார்’ என்கிறார்கள். அதே பள்ளிக்கு வந்திருக்கும் சக பயிற்சியாளர்தான் பொருத்தம், பாடம் வேறாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வருட பி.எட்.டில் இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சி 16 வாரம். ஒருவருக்கொருவர் பழகிக் கூச்சம் விட அது தாராளம்.

செயலாராய்ச்சி என்ற சொல்லையே மாற்றிச் ‘செயல்வழி ஆய்வு’ ஆக்கலாம் என்று ஒரு கிளை இழை ஓடுகிறது. அங்கே கைவைக்காதீர்கள். செயல்வழிக் கற்றல் (பாடத்தை அட்டைகளாகப் பிரித்துப் பிள்ளைகளே செய்து படிக்கும் முறை) அட்டைகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதையும் அதில் சேர்த்துவிடுவார்கள். இலங்கையில் செயல்நிலை ஆய்வு என்கிறார்கள், அதையும் அடைப்புக்குறிக்குள் காட்டிவிட்டால் போதும்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து முறை வைத்து ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொள்வதற்கு ‘கேள்வித்துணைக் குழு’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக வருகிறது, வாயில் மட்டும் சற்று இடறுகிறது. ‘கேள்விக்குழு’ என்று சுருக்கினால் விசாரணைக் கமிஷன் மாதிரி இருக்கிறது. அடுத்த அணிப் பயிற்சி மாணவர்களுக்கான வழிகாட்டிக் குறிப்பை இந்த மாதக் கடைசியில் தட்டச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்க. இல்லையென்றால் அந்த இடத்தில் ‘கேள்வித்துணையாக அமையும் குழு’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
கோபியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்